அப்பா ரிட்டையர் ஆனார், தங்கச்சி கொழுந்துக்குப் போனாள்

என் தங்கச்சி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2004, நல்ல மழைக்காலம். ப்ளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அந்த மாதம்தான் அப்பாவுக்கு 58 வயது முடிந்தது.

கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா கவ்வாத்து வெட்டினார், அதாவது செடிகளைக் கத்தரித்தார், மருந்து அடித்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். நாங்கள் இருந்தது லயத்தில், எஸ்டேட் கொடுத்த வரிசை வீடு. ரிட்டையர் ஆனதும் ஆபீசில் சொன்னது இதுதான்: "லயத்தைக் காலி பண்ணிக் குடுத்தா கிராஜுவிட்டிப் பணம். இல்லைன்னா வீட்ல யாராச்சும் ஒருத்தர் பேரை வேலைக்கு ஏத்துங்க." அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். நான் கம்பத்தில் காலேஜ் கடைசி வருஷம். மிச்சம் இருந்தது அவள்தான். விண்ணப்பத்தை ஓலைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, அம்மாவின் பழைய கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். நான் டிகிரி முடித்தது அவள் கூலியில்.

அந்த வீடு என்ன பெரிய வீடு? ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நடுச்சுவர் கூரை வரை போகாது, பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் நமக்குத் தூக்கம் கலையும். மழை பிடித்தால் தகரத்துக்கு மேல் தார்ப்பாய். சமையல்கட்டுத் தரைக்கு அப்பா ஒரு வருஷ போனஸில் சிமென்ட் போட்டார். காய்வதற்குள் தங்கச்சி மிதித்துவிட்டாள், அடி வாங்கினாள். அந்தச் சின்னக் கால்தடம் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தத் தரையில் ஒரு சாண்கூட எங்களுடையது இல்லை.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உணவு, உடை, மருத்துவத்தோடு வீட்டையும் உரிமை என்று சொல்கிறது. வேலை போனாலும், நோய் வந்தாலும், கணவனை இழந்தாலும், வயதானாலும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மூன்று வருஷம் கழித்து, 1951இல், நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. முதலாளி வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொன்னது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வீடு வேலையில் இருப்பவருக்கு. முதுமையில் பாதுகாப்பு என்று உலகம் எழுதி வைத்த அதே வயதில்தான் எங்கள் ஆட்களுக்கு வீடு போகிறது. வீட்டைக் காப்பாற்றப் பிள்ளையைத் தேயிலைக் காட்டுக்குள் அனுப்ப வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளை தானாக விரும்பி அந்த வேலைக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது?

2015இல் மூணாறில் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பேரில் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாய் நாள்கூலி அப்புறம் 301 ஆனது. நம் அக்காமார் செய்த அந்தக் காரியத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிரும். ஆனால் வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியை மறக்க முடியுமா? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். தமிழ்நாட்டில் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் அதில் நிறைய. கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. அந்த மறுநாள் இரவுதான் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இது முதற்கட்டம்தான், மறுவாழ்வு தனியாக உண்டு என்று அரசு விளக்கம் சொன்னது. சரி. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் டிவியில் அடுத்தடுத்துப் பார்த்த எங்கள் லயத்தில் அன்றைக்கு யாரும் பேசவில்லை.

"சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். எந்த ஊர்? தாத்தா விட்டு வந்த ஊரில் எங்களுக்கு வீடும் இல்லை, பேர் சொன்னால் தெரியும் ஆளும் இல்லை. ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, அப்பாவைப் புதைத்தது இங்கே. கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உழைத்து ரிட்டையர் ஆகிறவர் பேரில் நாலு சென்ட் நிலம், அதில் ஒரு வீடு. கிராஜுவிட்டிக்கும் வீட்டுச் சாவிக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

தங்கச்சி மகள் இப்போது ப்ளஸ் ஒன். போன வாரம் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா ரிட்டையர் ஆகும்போது எனக்கு முப்பத்தஞ்சு வயசு மாமா. அப்ப யார் பேரை ஏத்துவீங்க?"