டேங்குக்கு எதற்கு மறைவுக் கவசம்?

"தம்பி, வெறும் விளையாட்டுதானே, இதைப் போய் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய்?" என்று இன்று காலை, ஆன்லைன் விளையாட்டில் நாங்கள் கூட்டாகப் போய் எதிரியைத் தாக்கும் ரெய்டின் தலைவர் அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவே இல்லை.

அந்த ரெய்டில் வரும் பெரிய எதிரியான பாஸை வீழ்த்தினால், அணிபவரை மறைய வைக்கும் மறைவுக் கவசம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. வாரத்துக்கு ஒரு முறைதான் அடிக்க முடியும் என்பதால், 35 வாரம் விடாமல் போனால்தான் ஒரு தடவையாவது அதைக் கண்ணால் காண ஏறத்தாழப் பாதி வாய்ப்பு. நாங்கள் பத்துப் பேர் 41 வாரம் போனோம். சென்னை நண்பர்கள் வேலை முடிந்து வீடு திரும்ப மணி எட்டரை ஆகிவிடும். அவர்களுக்காக, நேரம் இரண்டரை மணி முன்னே ஓடும் இங்கே இரவு 11 மணி வரை காத்திருந்துதான் தொடங்குவோம். காலை ஐந்தே முக்காலுக்கு என் அடுக்குமாடி புளோக்கின் கீழே கம்பெனி பேருந்து வந்து நிற்கும் என்று தெரிந்தும் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட நான் தவறவிட்டதில்லை.

போன செவ்வாய் அந்தக் கவசம் விழுந்தது. பதுங்கிச் சென்று தாக்குபவர்கள் மட்டும், குலுக்கலில் ஆளுக்கோர் எண் வரும் ரோல் போடுவது, பெரிய எண் யாருக்கோ அவருக்கே பொருள் என்பது முதல் வாரமே எல்லோரும் ஒப்புக்கொண்ட பேச்சு. மூவர் போட்டோம்: 31, 64, எனக்கு 97. ஹெட்செட்டில் வாழ்த்து ஓயும் முன்பே, பிரித்துக் கொடுக்கும் உரிமையைக் கையில் வைத்திருந்த தலைவர் கவசத்தைத் தம் பெயருக்கே போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோர் கண்முன்னும் அணிந்து, திரையிலிருந்து மறைந்தார்.

அவர் டேங்க். எதிரியின் கண்ணில் பட்டு, அடி முழுவதையும் தம்மேல் வாங்கிக்கொண்டு, பின்னால் நிற்பவர்களைக் காப்பதுதான் டேங்கின் வேலை. முதல் அடி கொடுத்த உடனே கலைந்துவிடும் மறைவு அவருக்கு எதற்கு? என்னிடம் இருந்திருந்தால் கோட்டைக் காவலர்களைத் தாண்டிப் போய், பத்துப் பேருக்கும் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டிருப்பேன். கர்ணன்கூட, கேட்டவனுக்குத் தன் கையால்தான் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

கிடைத்த பொருளை அதே குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிக் கொடுக்கலாம். அதன்பின் அணிந்தவரோடு ஒட்டிக்கொள்ளும். 11.40க்கு விழுந்த கவசத்துக்காக இரவு 1.40 வரை நாற்காலியை விட்டு எழாமல், "அண்ணே, அது என் ரோல்" என்று ஆறு முறை எழுதினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது, பதில் வரவில்லை. வெறும் விளையாட்டு என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாமே! விளையாட்டை நடத்துபவர்களிடம் முறையிட்டால், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் தலையிட மாட்டார்களாம். பேச்சை நம்பி 41 வாரம் கண் விழித்தவன் வேறு எங்கே போய்ச் சொல்வது?

இன்றைய செய்தியின் கடைசி வரியில், வரும் செவ்வாய்க்கு ஆள் குறைகிறது, வந்துவிடு என்று வேறு எழுதியிருக்கிறார். நான் போக மாட்டேன். மூன்று ரோல் எண்களும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் ஆட்டக்காரர் குழுவான கில்டில் போட்டுவிட்டேன். அதற்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும்.