அரிசிப் பையும் இரண்டு பத்திரிகைகளும்

போன வாரம் புதுச்சேரியிலிருந்து அக்காள் மகன் ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பி, "மாமா, இதை நம்பலாமா? வெளியிட்டவர்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்ததால்தான் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தான். ஒரு மத அமைப்பு நடத்தும் யூடியூப் சேனல் அது. கடலூர் அருகே ஒரு கிராமத்தில் தங்கள் வழிபாட்டுக் கூடத்தைச் சிலர் தாக்கியதாக அதில் சொல்கிறார்கள். பக்கம் தெரிந்துவிட்டால் நம்பகமும் தெரிந்துவிடும் என்ற எண்ணம் அவன் கேள்வியிலேயே இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல 'தானே' புயலுக்குப் போக வேண்டும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்த அந்த நாட்களில், ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு, நிவாரணம் வாங்க வந்தவர்களின் பெயர், குடும்ப அட்டை எண், யார் என்ன கொடுத்தார்கள் என்ற விவரங்களை எழுதும் வேலை எனக்கு வாய்த்தது. எட்டு நாட்களில் மூன்று மதங்களைச் சேர்ந்த அமைப்புகள் வந்தன. அரிசி, தார்ப்பாய், போர்வை எல்லாம் வந்தன. ஒரு பாட்டி தனக்குக் கிடைத்த அரிசியை முறத்தில் கொட்டியபோது கூடவே ஒரு ஜெபத் துண்டறிக்கையும் விழுந்தது. அவர் அதை நான்காக மடித்து, எண்ணெய் கசியும் சிம்னி விளக்கின் அடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வெவ்வேறு மதங்களைச் சேர்ந்த இரண்டு அமைப்புகளின் பத்திரிகைகளில் எங்கள் ஊர் வந்தது. ஒன்றில், தங்கள் தொண்டர்களைத் தவிர வேறு யாரும் அங்கே எட்டிப்பார்க்கவில்லை என்று படத்துடன் எழுதியிருந்தார்கள். இன்னொன்றில், அரிசியைக் காட்டி ஊரையே மதம் மாற்றுகிறார்கள் என்று எழுதி, அந்தத் துண்டறிக்கையின் படத்தைப் போட்டிருந்தார்கள். முதல் பத்திரிகையின் படம் உண்மை, 'யாரும்' என்ற சொல் பொய். மற்ற இரண்டு அமைப்புகள் கொடுத்தவற்றின் கணக்கு என் நோட்டில் இருந்தது. இரண்டாவது பத்திரிகை காட்டிய துண்டறிக்கையும் உண்மைதான், அரிசியோடு அதை வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதிலிருந்து 'ஊரையே' என்ற இடத்துக்கு அவர்கள் தாவியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு பேருக்கும் கடிதம் எழுதினேன். ஒரு பத்திரிகை பதில் சொல்லவில்லை. மற்றது அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்தான் என்றாலும், என் கடிதத்தை வெளியிட்டு, தங்கள் செய்தியில் மிகை இருந்ததாக ஒப்புக்கொண்டது. அந்தப் பத்திரிகை என் பக்கத்துப் பத்திரிகை அல்ல. ஆனாலும் இன்றுவரை அதற்குச் சந்தா கட்டிவருகிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தப் பதிவே ஒரு விளம்பரமாகிவிடும்.

மத அமைப்புகளின் அச்சுச் சண்டை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறிய பிறகு, அது அருட்பாவே, அதாவது இறையருளால் பிறந்த பாடலே, அல்ல என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பும், அதை மறுத்து வள்ளலார் தரப்பும் கண்டன நூல்களை மாற்றி மாற்றி வெளியிட்டன. 1869இல் விவகாரம் இங்கே கடலூரில் உள்ள மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வந்தது. வள்ளலார் உள்ளே நுழைந்ததும் நாவலர் உட்பட அனைவரும் எழுந்து நின்றதாக ஒரு கதையைச் சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். சைவ மடங்களோடு நெருக்கமான வீடுகளில் அதே வழக்கை வேறு மாதிரிச் சொல்வார்கள். இரு தரப்பும் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே சண்டை மீண்டும் கிளம்பியபோது அருட்பாவுக்காக மேடையேறிப் பேசியவர்களில் ஒருவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர், ஓர் இஸ்லாமியர். ஆளின் மதத்தைப் பார்த்து அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதியிருந்தால், அன்று பாவலரைப் பற்றி எழுதிய தீர்ப்பு தவறாகியிருக்கும்.

'மீடியா பயாஸ் ஃபேக்ட் செக்' என்று அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய ஒரு தளம் உண்டு. அது ஓர் ஊடகத்தின் சார்புக்கு ஒரு மதிப்பீடும், செய்தியின் உண்மைத்தன்மைக்குத் தனியாக இன்னொரு மதிப்பீடும் தருகிறது. அதன் தீர்ப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்ற அந்தப் பிரிப்பு சரியானது. சார்புள்ளவர் பெரும்பாலும் பொய் சொல்வதே இல்லை, பாதியைச் சொல்வார், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை 29,999 இந்தியர்களை 17 மொழிகளில் நேரில் சந்தித்து நடத்திய கருத்தாய்வு 2021 ஜூனில் வெளிவந்தது. தம் மதத்தைப் பின்பற்ற முழுச் சுதந்திரம் இருப்பதாக இந்துக்களில் 91 விழுக்காட்டினரும், முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் 89 விழுக்காட்டினரும் சொன்னார்கள். ஒரு முஸ்லிமை அண்டை வீட்டுக்காரராக ஏற்க மாட்டோம் என்று இந்துக்களில் 36 விழுக்காட்டினர் சொன்னதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஒரு முகாமின் ஏடு முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்ளும், எதிர் முகாமின் ஏடு இரண்டாவதில் தொடங்கும். இரண்டையும் தன் வாசகருக்குக் கொடுத்த ஏடு எந்தப் பக்கத்துடையதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

சார்பு இருக்கிறது என்று ஒதுக்கித் தள்ளினால் சில செய்திகள் நமக்கு வராமலே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம் போன்றவற்றைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017இல் சேகரித்துப் பார்த்ததாகவும், அத்தரவு நம்பத்தக்கதாக இல்லாததால் கைவிட்டதாகவும் 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசே சொன்னது. அரசு எண்ணாததைப் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புதான் எண்ணும். யுனைடெட் கிறிஸ்டியன் ஃபோரம் என்ற கிறிஸ்தவ அமைப்பு, தன் கட்டணமில்லா உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கொண்டு, கிறிஸ்தவர்கள் மீதான தாக்குதல்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அழைத்தவர்களின் கணக்கு அது. அழைக்காதவர் அதில் இல்லை, அழைத்தவர் சொன்னதில் மிகையும் இருக்கலாம். அந்த வரம்பை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதற்கும் பயனுண்டு.

என்னைப் பொறுத்தவரை, ஒரு மத அமைப்பின் ஏட்டைக் கையில் எடுத்ததும் தேடுவது, தன் ஆட்கள் தவறு செய்த வாரத்தில் அது என்ன எழுதியது என்பதைத்தான். தங்கள் மடத்திலோ பள்ளிவாசலிலோ சபையிலோ பணம் காணாமல் போன செய்தி ஊரெல்லாம் பேச்சாக இருக்கும்போது, அந்த இதழில் தலையங்கம் தியானத்தின் மேன்மையைப் பற்றி இருந்தால், எதிர்த்தரப்பைப் பற்றி அது எழுதுவதைப் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். அச்சுப் பத்திரிகை என்றால் உரிமையாளர் யார் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி முடிந்ததும் வரும் இதழில், படிவம் 4 என்ற பெயரில் போட வேண்டியிருந்தது. மார்ச் மாத இதழ்களை நான் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருப்பது அதற்காகவே. யூடியூப் சேனலுக்கு அப்படி ஒரு பக்கமும் இல்லை.

மருமகன் அனுப்பிய காணொளியை மூன்று முறை பார்த்தேன். உடைந்த ஓடுகள் தெரிகின்றன, ஒரு பெண் அழுகிறார், அந்த அழுகை நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட ஊரின் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள் என்பதும் இல்லை. 'கடலூர் அருகே' என்றால் கடலூரிலேயே இருக்கிற நான் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது? இதைத்தான் அவனிடம் சொன்னேன். ஊர்ப் பெயரைக் கேட்டு அந்தச் சேனலுக்கே எழுதியிருக்கிறான். நான்கு நாட்களாகின்றன.