அம்மாவின் நெஞ்சு ஸ்கேன்

கதிர்வீச்சுக்குப் பயந்தால் சி.டி. (எக்ஸ்ரே கதிர்களால் உடலின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் ஸ்கேன்) வேண்டாம், எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) கேளுங்கள் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. எல்லாருக்கும் இது பொருந்தாது ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு விடாத இருமல்; எக்ஸ்ரேயில் ஒரு நிழல். “சி.டி. எடுத்தால் புற்றுநோய் வரும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, அம்மா ஸ்கேன் தேதி எழுதிய அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார். இரண்டு மாதம் வீணானது. நுரையீரலின் நுண்ணிய மாற்றங்களைச் சி.டி.தான் தெளிவாகக் காட்டும். கதிர்வீச்சை அளக்கும் அலகான மில்லிசீவர்ட்டில் சொன்னால், நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.1, நெஞ்சு சி.டி. சுமார் 7. இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 சேர்கிறது. எழுபது வயதில் அந்த மூன்றாண்டுக் கணக்கா பெரிது? பித்தப்பைக் கல் போன்ற வேறு பிரச்சினை என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று தாராளமாகக் கேளுங்கள். அதில் கதிர்வீச்சே இல்லை. அம்மாவுக்கு வந்திருந்தது காசநோய். இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார், இருமல் குறைந்திருக்கிறது.