விலா முறிந்திருந்தால் அடித்ததாகத்தான் அர்த்தமா?

தேவனாம்பட்டினம் கடலில் மூழ்கி இறந்த இளைஞரின் பிரேதப் பரிசோதனையில் விலா எலும்புகள் முறிந்திருந்தன, அதனால் அடித்துத்தான் கடலில் போட்டிருக்கிறார்கள் என்று மேலே உள்ள கருத்துகளில் பலர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த முறிவு மட்டுமே அடித்ததற்குச் சான்று ஆகாது.

கரையேற்றியதும் அவருக்கு சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) கொடுத்ததாக நேரில் பார்த்த ஒருவர் இங்கேயே சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கு நடுமார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். முறையாகச் செய்தாலும் விலா முறிவது சகஜம். (அதற்குப் பயந்து தயவுசெய்து யாரும் அழுத்தாமல் நின்றுவிடாதீர்கள்.) அப்படி முறிவது பெரும்பாலும் மார்பின் முன்பக்கம், பல சமயம் இரண்டு பக்கமும். இதயம் நின்ற பிறகு முறிவதால் சுற்றிலும் ரத்தக்கட்டு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். முதுகுப்பக்க விலாக்கள் முறிந்து, மார்புக்குள் நிறைய ரத்தமும் தேங்கியிருந்தால், சரி, அப்போது வேறு காரணம் தேடத்தான் வேண்டும்.

சரிபார்க்க நினைப்பவர்கள் குடும்பத்தாரிடம் உள்ள அறிக்கை நகலில் எந்த விலா, எந்த இடத்தில், ரத்தக்கட்டு உண்டா என்ற குறிப்புகளைப் பாருங்கள். சி.பி.ஆர். கொடுத்த விவரம் மருத்துவருக்குச் சொல்லப்பட்டதா என்றும் கேளுங்கள். முதலுதவிப் பயிற்சி தருபவர் யாரிடம் விசாரித்தாலும் விலா முறிவைப் பற்றிச் சொல்வார்.