காற்று உருளையும் ஈட்டியும்: பகிரும் முன் பாருங்கள்

கடலுக்குச் சுற்றுலா கிளம்பும் கொடைக்கானல்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘நீருக்கடியில் மூச்சுவிட உதவும் காற்று உருளையுடன் மூழ்கி ஈட்டியால் மீன் பிடிக்க எல்லா நாடுகளிலும் அனுமதி உண்டு, குறிபார்த்து அடிப்பதால் மீன்வளத்துக்குச் சேதமில்லை.’

முதல் பாதி பொய். பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆகிய இடங்களில் இதற்குத் தடை. குயின்ஸ்லாந்து அரசின் மீன்பிடி விதிகளை இணையத்திலேயே பார்க்கலாம்.

மறுபாதி அரைகுறை. வலையில் சிக்குவதுபோல் கண்டதெல்லாம் சாகாது என்பது சரிதான். ஆனால் மூச்சடக்கி மூழ்குபவர் சில நிமிடங்களுக்குள் மேலே வந்தாக வேண்டும். உருளை மாட்டியவரோ பாறை இடுக்கில் பதுங்கிய களவா மீனை நிதானமாகத் தேடுவார். களவா இனங்கள் பலவற்றில் பெண் மீன்கள் வளர்ந்து பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. ஈட்டிக்காரர் தேடுவதும் அந்தப் பெரிய மீனைத்தான்! அவற்றை அடித்தால் ஆண் மீன்கள் குறைந்து, இனப்பெருக்கமே பாதிக்கும்.

அந்தச் செய்தியை இனிப் பகிர வேண்டாம்; உங்கள் குழுவுக்கு வந்திருந்தால் அதன் கீழேயே இந்த விளக்கத்தை இடுங்கள்.