பெட்டிக்குள்ள அந்தத் துப்பாக்கி எதுக்குய்யா?

டிவி வீடியோ கேம் பெட்டியில இன்னிக்கும் ஒரு துப்பாக்கியை வெச்சு விக்கிறாங்க. எல்இடி டிவியில மாட்டி, 'டக் ஹன்ட்'ங்கிற வாத்து சுடுற கேமைப் போட்டு, ட்ரிக்கரை அழுத்துங்க. திரை ஒருதரம் வெட்டும். வாத்து பாட்டுக்குப் பறந்து போகும். புல்லுக்குள்ளருந்து நாய் எந்திரிச்சு சிரிக்கும். பிள்ளைக்குக் குறி பார்க்கத் தெரியலைன்னு திட்டாதீங்க, முனையைக் கண்ணாடியில ஒட்டி வெச்சுச் சுட்டாலும் விழாது.

ஏன்னா, துப்பாக்கியிலருந்து எதுவும் வெளிய போறதில்ல. உள்ள இருக்கிறது ஒரு லென்ஸும் ஒளி சென்சாரும். ட்ரிக்கரை அழுத்தினதும் கேம் ஒரு ஃப்ரேம், அதாவது திரையில வர்ற ஒரு முழுப் படம், அதை முழுக்கக் கறுப்பாக்கும். அடுத்த ஃப்ரேம்ல வாத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். ஒரு ஃப்ரேம்னா நொடியில 60-ல ஒரு பங்கு. அதுக்குள்ள சென்சாருக்கு வெள்ளை தெரியணும். பிக்சர் ட்யூப் டிவி சிக்னல் வர வரவே வரைஞ்சிடும். எல்இடி டிவியோ ஃப்ரேம் முழுசா வந்து சேரட்டும்னு காத்திருந்து, பெருசாக்கி, மெருகேத்திட்டுத்தான் காட்டும். கேம் வெள்ளையைத் தேடுறப்போ திரையில இன்னும் பழைய படம்தான்.

"டிவி செட்டிங்ல கேம் மோட் போடுங்க"ன்னு ஒரு கடைக்காரர் சொல்வார். தாமதம் குறையும், ஆனா வாத்து விழாது. ட்யூப் டிவி நொடிக்கு 15,000 கோட்டுக்கு மேல வரையும்; ஒழுங்கா செஞ்ச துப்பாக்கி அந்தத் துடிப்பைத்தான் ஏத்துக்கும். எல்இடி வெளிச்சத்துல அது கிடையாது. பழைய வீடியோ ஒயரைப் புது டிவியில மாட்டுற ஏவி டு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கினா தாமதம் இன்னும் கூடும், காசும் தண்டம். பழைய ட்யூப் டிவி தேடிப் போறவங்களும் பார்த்து வாங்குங்க, நொடிக்கு 100 தரம் திரையை வரையுற 100 ஹெர்ட்ஸ் மாடல் ஆகாது.

வயித்தெரிச்சல் என்னன்னா, ஆர்கேட்ங்கிற கேம் கூடத்துல காசு போட்டுச் சுட்டுக்கிட்டிருந்த 'டைம் க்ரைசிஸ்' கேம் 1997-ல ப்ளேஸ்டேஷனுக்கு வந்துச்சு, துப்பாக்கியும் சேர்த்து. மஞ்சள் வீடியோ ஒயர்லயே இன்னொரு பின்னைச் சொருகி, கோடு எங்க ஓடுதுன்னு துல்லியமா கணக்குப் பண்ணும், அருமையான வேலை. வீட்லயே சுடலாம்னு ஆனதும் ஆர்கேட் பக்கம் எவன் போவான்? அப்புறம் ட்யூப் டிவியே போச்சு, துப்பாக்கி பரணுக்குப் போச்சு. 2006-ல நின்டெண்டோவோட வீ (Wii) கேம் கன்சோல் டிவி மேல இன்ஃப்ராரெட் பட்டை வெச்சுச் சமாளிச்சுது, சரிதான். ஆனா இந்த மலிவுப் பெட்டியில அதெல்லாம் எங்க? நிம்மதியா சுடணும்னா இப்போ மால்ல கார்டு ரீசார்ஜ் பண்ணிட்டு நிக்கணும்.

துப்பாக்கியை எடுக்க மனசு வரலைன்னா, பெட்டி மேல 'ட்யூப் டிவிக்கு மட்டும்'னு ஒரு வரி அச்சடிங்கய்யா.