போன் ஏன் அடிக்கலன்னு போனுக்குத் தெரியும், நமக்குத்தான் சொல்லாது

போன்னா முதல்ல மணி அடிக்கணும். கேமரா, கேம், பணம் அனுப்புறது எல்லாம் அதுக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. யாரோ நம்மளத் தேடுறாங்கன்னு சத்தம் போட்டுச் சொல்றதுக்குத்தான் இந்தச் சாமானே. அந்த ஒரு வேலைய ஒழுங்கா பண்ணத் தெரியாத போனக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நாளா நான் படுற பாட்ட நெனச்சா வயிறு எரியுது.

ஒரேயடியா செத்துத் தொலைஞ்சாலாவது ஸ்பீக்கர் போச்சுன்னு மாத்திட்டுப் போயிடலாம். இது காலைல அடிக்கும், மத்தியானம் வாய மூடிக்கும், சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப அடிக்கும். பாட்டு போட்டா சத்தம் வருது. அலாரம் ஊரையே எழுப்புது. ரிங்டோன் மட்டும் அதுக்குத் தோணும்போதுதான்.

அன்னைக்கு போன் மேசை மேல மல்லாக்கக் கெடக்கு, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். தற்செயலா திரும்பினா ஸ்கிரீன் முழுக்க வெளிச்சம், 'அம்மா'ன்னு பேரு, கீழ பச்சை பட்டன் ஆடிக்கிட்டிருக்கு. சத்தம் இல்ல. வைப்ரேஷன்கூட இல்ல. கை நீட்டுறதுக்குள்ள கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா, "எத்தன வாட்டிடா அடிக்கிறது? ரிங் போய்க்கிட்டேதான இருக்கு, எடுக்க முடியாதா உனக்கு?"ன்னு குரல் உடைஞ்சு கேக்குறாங்க. என்னத்தச் சொல்ல? கூப்பிடுறவங்க காதுல கேக்குற அந்த ரிங் சத்தம் நம்ம போன்ல இருந்து போறதே இல்ல. அது நெட்வொர்க்கோ அவங்க போனோ போடுற சத்தம். நம்ம போன் ஊமையா கெடந்தாலும் அங்க கேக்கத்தான் செய்யும். அவங்களப் பொறுத்தவரைக்கும் மணி அடிச்சுச்சு, நான் எடுக்கல, அவ்வளவுதான். 'போன் அடிக்கலம்மா'ன்னு சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனைக்கிறாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க.

சர்வீஸுக்குக் கொண்டு போனா அதவிடக் கொடுமை. கடைல இருக்கிறவர் தன்னோட போன்ல இருந்து ஒரு கால் போடுறாரு, இது கணீர்னு அடிக்குது. "நல்லாத்தானே இருக்கு சார், வேணும்னா ரீசெட் போட்டுருவோம்." எதக் கேட்டாலும் ரீசெட்! எதனால கெட்டுச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா? எல்லாத்தையும் தொடச்சுட்டு, பேக்கப்புல இருந்து அதே ஆப், அதே செட்டிங்கு எல்லாம் திரும்ப இறங்கினா வந்த வியாதி அப்படியேதான் இருக்கும்.

சரி, நாமளே தேடுவோம்னு செட்டிங்ஸுக்குள்ள இறங்கினேன். அப்பதான் தெரிஞ்சுது, ஒரு போனோட வாய அடைக்க எத்தன கை இருக்குன்னு.

வால்யூம் பட்டனையே எடுத்துக்குங்க. முன்னாடியெல்லாம் அத அமுக்கினா ரிங் சத்தம் கூடும், குறையும். 2018ல வந்த ஆண்ட்ராய்டு 9ல இருந்து அது பாட்டு, வீடியோ சத்தத்தத்தான் மாத்துது. எத்தனையோ பெரியவங்க இன்னைக்கும் பட்டன அமுக்கி அமுக்கி 'சத்தம் ஃபுல்லா வச்சிருக்கேனே'ன்னு சொல்றாங்க. அங்க ரிங் வால்யூம் அது பாட்டுக்கு பூஜ்யத்துல உக்காந்திருக்கு. அதே ஆண்ட்ராய்டு 9ல பவர் பட்டனையும் வால்யூம் அப் பட்டனையும் சேர்த்து அமுக்கினா போன் வைப்ரேட்டுக்குப் போற ஷார்ட்கட் ஒண்ணையும் வச்சாங்க. ரெண்டு பட்டனும் பல போன்ல ஒரே பக்கம், அடுத்தடுத்து. இறுக்கமான பாக்கெட்ல இருந்து உருவி எடுக்கும்போது விரல் எங்க படும்? யோசிக்கவே மாட்டாங்களா?

அடுத்தது டு நாட் டிஸ்டர்ப், அதாவது தொந்தரவு வேணாம்னு கால் சத்தத்த அடக்குற மோட். நாமளே போட்டா பரவாயில்ல. போனே ராத்திரி நேரத்துக்குன்னு ஒரு அட்டவணைப்படி தானா போடும், காலண்டர்ல மீட்டிங் இருந்தா போடும், வண்டி ஓட்டுறோம்னு அதுவா முடிவு பண்ணிக்கிட்டா போடும், சில போன்ல குப்புறக் கவுத்து வச்சாலே போடும். ஐபோன்ல அதே மாதிரி ஃபோகஸ்னு ஒண்ணு 2021ல ஐஓஎஸ் 15ல வந்துச்சு. அத ஐபேட்ல ஆன் பண்ணினா கையில இருக்கிற ஐபோனும் சேர்ந்து அடங்கிடும், ரெண்டும் ஒரே அக்கவுண்டுங்கிறதால. அறிமுகம் இல்லாத நம்பர அமுக்குற செட்டிங் தனி. முகத்தப் பார்த்துத் திறக்கிற ஃபேஸ் ஐடி இருக்கிற ஐபோன நாம பார்த்துக்கிட்டு இருந்தா அதுவே ரிங் சத்தத்தக் குறைச்சுக்கும், அதுக்கும் ஒரு செட்டிங்.

இதுல எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிச்ச விஷயம் வேற. டு நாட் டிஸ்டர்ப்ல திரும்பத் திரும்பக் கூப்பிடுறவங்களுக்கு மட்டும் வழி விடலாம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆண்ட்ராய்டுல ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது வாட்டி கூப்பிட்டா அடிக்கும், ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள. அவசரத்துக்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கல. ஆனா நாம எப்படி டெஸ்ட் பண்ணுவோம்? வீட்டுல இருக்கிற இன்னொரு போன்ல இருந்து கூப்பிடுவோம். அடிக்காது. ஏதோ ஒண்ண நோண்டிட்டு உடனே திரும்பக் கூப்பிடுவோம். அடிக்கும்! 'அப்பாடா, சரியாயிடுச்சு'ன்னு விட்டுடுவோம். சரியாகவே இல்ல. ரெண்டாவது கால்ங்கிறதாலதான் அடிச்சுது. ஒவ்வொரு வாட்டி டெஸ்ட் பண்ணும்போதும் வேற வேற போன்ல இருந்து கூப்பிடணும், இல்லன்னா பொறுமையா காத்திருந்து கூப்பிடணும். இத எந்த உதவிப் பக்கமாவது முன்னாடி நிறுத்திச் சொல்லுதா? வரிசையா பத்து ஸ்டெப் எழுதுவாங்க, முதல் ஸ்டெப்பு 'வால்யூம் சரியா இருக்கான்னு பாருங்க'. ஏன்யா, அதக்கூடப் பார்க்காமலா உங்ககிட்ட வருவோம்?

ரிங்டோன் ஃபைலு இன்னொரு தலைவலி. பிடிச்ச பாட்ட வெட்டி மெமரி கார்டுல வச்சு ரிங்டோனா வச்சிருப்போம். போன் ஆஃபாகி ஆன் ஆகும்போது கார்டு லேட்டா ஏறினாலோ, லூஸா இருந்தாலோ அந்த ஃபைலு அதுக்குக் கிடைக்காது. வாட்ஸ்அப்ல வந்த கிளிப்ப வச்சிருந்தா, இடம் காலி பண்ற ஆப் ஒண்ணு வந்து அதக் குப்பைன்னு அள்ளிட்டுப் போயிடும். கிடைக்கலன்னா சில போன் பழைய டீஃபால்ட் டோனுக்குப் போகும், சிலது சும்மா இருக்கும். 'நீ வச்ச பாட்டக் காணோம், வேற வை'ன்னு ஒரு வார்த்தை? கிடையாது. போன்ல கூடவே வந்த டோன் ஒண்ண வச்சுப் பாருங்க, இந்தச் சந்தேகம் அதோட முடிஞ்சுடும்.

வாட்ச் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். போனோட சேர்த்த ஸ்மார்ட் வாட்ச் கையில இருந்தா போன் அடிக்க வேணாம்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பாருங்க. அப்புறம் ஆப்புங்க. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்னு ஒரு மூலை இருக்கு. அதுல டு நாட் டிஸ்டர்ப் ஆக்சஸ் யார் யாருக்குக் குடுத்திருக்குன்னு பட்டியலே இருக்கும். அந்த அனுமதி வாங்கின ஆப் நம்மளக் கேக்காமலே போன சைலண்ட்ல போடலாம். சம்பந்தமே இல்லாத ஆப் அங்க ஆன்ல இருந்தா உடனே பிடுங்கிடுங்க. சேஃப் மோட்ல போட்டா நாம இறக்கின ஆப் எதுவும் ஓடாது, அப்ப ஒழுங்கா அடிச்சா ஏதோ ஒரு ஆப்தான் காரணம்னு கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்க. சரிதான். ஆனா எப்பவாவது வர்ற கோளாறுக்கு, அது வர்ற வரைக்கும் ஒரு ஆப்பும் இல்லாம சேஃப் மோட்லயே குடித்தனம் நடத்த முடியுமா?

இத்தன பேர் சேர்ந்து வாய அடைக்கிறாங்க, ஒருத்தன்கூட 'நான்தான் அடைச்சேன்'னு எழுதி வைக்கிறதில்லன்னுதான் இவ்வளவு நாள் நெனச்சேன். அதுவும் பொய். எழுதி வைக்குது! 2021ல வந்த ஆண்ட்ராய்டு 12ல இருந்து கால் லாக்ல, அதாவது கால் பதிவுல, கால் ஏன் தவறிச்சுன்னு குறிக்க 'மிஸ்டு ரீசன்'னே ஒரு கட்டம் இருக்கு. டு நாட் டிஸ்டர்ப் போட்டிருந்துச்சு, ரிங் வால்யூம் கம்மியா இருந்துச்சு, வைப்ரேஷன் இல்ல, ஸ்பேம் தடுக்கிற ஆப் அமுக்கிடுச்சு, 5 விநாடிகூட அடிக்காம கட்டாயிடுச்சு, அடிக்கவே இல்லன்னு தனித்தனியா குறிச்சுக்க அதுல இடம் இருக்கு. ஆப் எழுதுறவங்களுக்கான ஆவணத்துல வெளிப்படையா போட்டிருக்காங்க. கால் பண்ற ஆப்பான டயலர்ல நான் பார்த்த ஒண்ணுலகூட அது கண்ணுக்குத் தெரியல. நமக்குக் காட்டுறது சிவப்பு எழுத்துல 'மிஸ்டு கால்', அவ்வளவுதான்.

என்ன அநியாயம் இது? காரணம் உள்ள கெடக்கு, நான் வெளியில நின்னு ஒவ்வொரு செட்டிங்கா தட்டித் தடவிக்கிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரில இருந்து வர்ற கால், வேலைக்குக் கூப்பிடுற கால், ஸ்கூல்ல இருந்து 'பிள்ளைக்குக் காய்ச்சல், வாங்க'ன்னு வர்ற கால், எதுவா வேணா இருக்கலாம். வருஷா வருஷம் கேமராவ ஏத்துறீங்க, படத்துல இருந்து ஆள அழிக்கிற வித்தையெல்லாம் காட்டுறீங்க. அந்த 'மிஸ்டு கால்'க்குக் கீழ 'டு நாட் டிஸ்டர்ப் ஆன்ல இருந்ததால அடிக்கல, இந்த ஆப்தான் ஆன் பண்ணுச்சு'ன்னு ஒரே ஒரு வரி போடுங்கய்யா. அடுத்த மாடல்ல வேணாம், இப்ப கையில இருக்கிற போன்லயே, அடுத்த அப்டேட்லயே போடுங்க.